ஞாயிற்றுக்கிழமைத் தகப்பன்

பிறக்காத பிள்ளைக்கு எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் என்ற கேள்வியில் எங்கள் கல்யாணம் நின்றுபோனது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு பேரும் ஒரே இயேசுவைத்தானே கும்பிடுகிறீர்கள், இதில் என்ன தகராறு என்பார்கள். அவர்கள் எங்கள் மாவட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டவுன் பஸ்ஸில் ஏறிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு எதிரிலேயே ஒரு கோவில் இருக்கும். அதைத் தாண்டி, அடுத்ததையும் தாண்டி, நான்காவது கோவிலுக்கு டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் நாங்கள்.

நான் இராஜாக்கமங்கலம் பக்கத்து ஆள். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வாழை, வாரம் தவறாமல் சபை என்று இருந்த சீர்திருத்தக் கிறிஸ்தவக் குடும்பம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வயல்களில் பம்பு செட் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். சுனாமி வந்து போன பிறகு கடற்கரை ஊர்களுக்குப் புது வள்ளங்களும் அவுட்போர்டு எஞ்சின்களும் நிறைய வந்தன. அவற்றைப் பூட்டி ஓட்டிக் காட்ட ஆள் போதவில்லை. பம்பு செட்டை விட்டுவிட்டுக் குளச்சலில் ஒரு ஓலைக் கொட்டகையில் எஞ்சின் வேலையைப் பிடித்துக்கொண்டேன்.

முட்டத்துக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊரில், தற்காலிகக் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான் என் மகளின் அம்மா. கத்தோலிக்கக் குடும்பம், அண்ணனுக்குச் சொந்தமாக வள்ளம் இருந்தது. நான் எஞ்சினை முடுக்கிப் பார்க்கும் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று முதல் நாளே சண்டைக்கு வந்தாள். வந்தவள் எடுத்த எடுப்பிலேயே என்னை 'நீ' என்றாள். இன்றுவரை அப்படித்தான். அவள் 'நீங்க' என்று ஆரம்பித்தால் கடுங்கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

எங்கள் சபைக்காரன் ஒருவன் அவர்கள் கோவிலில் தாலி கட்ட ஆயரின் அனுமதி வேண்டும். அதற்கு, பிறக்கும் பிள்ளைகளைத் தன் திருச்சபையில்தான் வளர்ப்பேன் என்று பெண் வாக்குக் கொடுக்க வேண்டும். அந்த வாக்கைப் பற்றிக் கேள்விப்பட்டதும் என் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. அவள் வீட்டிலோ, மாப்பிள்ளையே மாறிவிட்டால் வாக்கும் வேண்டாம் அனுமதியும் வேண்டாமே என்றார்கள்.

"நான் மாறிக்கிடட்டா?" என்று அவளிடம் ஒருநாள் கேட்டேன்.

"எனக்காக சபைய மாத்துனவன் நாளைக்கு இன்னொருத்திக்காக என்னையும் மாத்துவான். ஒண்ணும் வேண்டாம்."

"அப்பம் ரிஜிஸ்தர் ஆபீஸுக்குப் போவோம்."

"அது நிலம் எழுதுற இடம். நான் நிலமில்ல."

அப்போது அவளுக்கு ஐந்து மாதம். இரண்டு பேருக்குமே கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இரண்டு வீட்டாரும் சேர்ந்து அதற்கு எண்ணெய் வார்த்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, கல்யாணம் மட்டும் நடக்கவில்லை.

கடற்கரையில் அப்படி ஒரு பிள்ளையைப் பெற்று, அதே ஊரில் இருந்து, அதே கோவிலில் முன்வரிசையில் போய் உட்கார நெஞ்சுறுதி வேண்டும். அவளுக்கு இருந்தது. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டே ஒரு நர்சரிப் பள்ளிக்கு டீச்சராகப் போனாள். பிள்ளைக்குத் தன் கோவிலிலேயே ஞானஸ்நானம் கொடுத்தாள். எனக்குச் செய்தி வந்தது, அழைப்பு வரவில்லை. அன்று முழுவதும் ஒரு எஞ்சினைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். அதில் பழுதே இல்லை.

பிள்ளை தவழ ஆரம்பித்துவிட்டது என்று யாரோ சொன்னபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாகர்கோவிலில் வக்கீலாக இருந்த என் பள்ளிக்கூடக் கூட்டாளியிடம் போனேன். அவன் ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை.

"கல்யாணம் பண்ணாத தாய் தகப்பனுக்க பிள்ளைன்னா தாய்க்குத்தாம்லே முதல் உரிமை. பிள்ளைய பாக்க விடணும்னு கேட்டு நீ மனு போடலாம். போட்டா அவளுக்கு நோட்டீஸ் போகும். நோட்டீஸ் போன அன்னைக்கே அவளுக்க அண்ணன் கதவ அடைப்பான். கேசு முடியதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும்."

"அப்பம் நான் என்னதான் செய்ய?"

"போய்க் கேளு. வக்கீல் இல்லாம கேளு."

பீஸ் வாங்காததால் புத்தியும் குறைத்துத்தான் கொடுக்கிறான் என்று பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தேன். பெற்ற பிள்ளையைப் பார்க்க ஒருத்தியிடம் போய்க் கெஞ்ச வேண்டுமா என்று பொருமினேன். ஒரு வாரம் பொருமிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு அவள் வேலைபார்த்த பள்ளியின் வாசலில் போய் நின்றேன். அவள் வெளியே வந்தாள். நான் ஒரு நீண்ட பேச்சை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

"பிள்ளைய பாக்கணும்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இதச் சொல்ல இவ்வளவு நாளாச்சா?" என்றாள். பிறகு, "உனக்கு என்னைக்கு லீவு?"

"ஞாயிறு."

"எனக்கும் ஞாயிறுதான் கொஞ்சம் துணி துவைக்க, படுக்க நேரம் கிடைக்கும். அன்னைக்குக் கொண்டு போய்க்கோ. பொழுது அடையதுக்குள்ள கொண்டு வந்து விட்டுரணும்."

எங்கள் ஏற்பாடு அவ்வளவுதான். மத்தியஸ்தர் இல்லை, சாட்சி இல்லை. எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போக மாட்டார்கள். வள்ளம் போகாவிட்டால் எஞ்சின் கெடாது. எஞ்சின் கெடாவிட்டால் எனக்கு வேலை இல்லை. அதைவிடத் தோதான நாள் கிடையாது என்று இருவருக்கும் பட்டது. பிறக்காத பிள்ளைக்கு எந்தக் கோவில் என்று அத்தனை சண்டை போட்ட நாங்கள், பிறந்த பிள்ளைக்கு நாள் குறித்தபோது அந்த நாளைக் கோவில் கேட்கும் என்று யோசிக்கவே இல்லை. எங்கள் மாவட்டத்துக்காரர்களால் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்.

ஆனால் அந்தத் தப்பு எனக்குக் கொடுத்த ஞாயிறுகள் ஒன்றா இரண்டா! காலையில் மோட்டார் சைக்கிளில் போவேன். முதலில் அவள் இடுப்பிலிருந்து என் கைக்கு அழுதுகொண்டே வந்த பிள்ளை, பிறகு சிரித்துக்கொண்டு வந்தது, பிறகு நான் வருவதற்கு முன்பே செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றது. பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து ஹாரனை அழுத்திக்கொண்டே வருவாள். எங்கள் சபையில் ஓய்வுநாள் பள்ளியில் உட்கார வைப்பேன். வண்ணப்பட அட்டை கொடுப்பார்கள். மத்தியானம் வீட்டில் கோழி. சாயங்காலம் வாய்க்காலில் கால் நனைத்துவிட்டு, ஈரக் காலோடு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் விடுவேன். திரும்பி வரும் வழியில் டாங்கின் மேல் யாரும் இல்லாதது ஒவ்வொரு வாரமும் கஷ்டமாகத்தான் இருந்தது.

நல்லாப் பேச வந்ததும் பிள்ளைக்குப் பெரிய சந்தேகங்கள் வந்தன. கர்த்தர் கற்பித்த ஒரே ஜெபத்தை அம்மா ஊரில் ஒரு மாதிரியும் அப்பா ஊரில் ஒரு மாதிரியும் சொல்கிறார்கள். அங்கே விண்ணுலகம், இங்கே பரமண்டலம்.

"அப்பா, நான் ரெண்டும் சொன்னா சாமிக்கு ரெண்டு தடவ கேக்குமா?"

"கேக்கும் மக்கா."

"அப்பம் ஒருநாள் விட்டுட்டாலும் கொழப்பம் இல்லல்லா?"

அம்மாவின் வாய் அப்படியே வந்திருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் வகுப்புக்குப் போன வருஷம் வந்தது வினை. அந்த வயதில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு அது. கடற்கரையில் அது ஒரு சின்னக் கல்யாணம். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி, ஊர்வலம், பிறகு ஊருக்கே பலகாரம். கூடப் படிக்கிற பிள்ளைகளோடு அதை வாங்காத பிள்ளையை அடுத்த வருஷம் வரை எல்லோரும் ஏன், எதற்கு என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். ஏற்கெனவே ஏன், எதற்கு என்று கேட்கப்படும் பிள்ளை என் மகள்.

புதுநன்மைக்குத் தயார் செய்யும் மறைக்கல்வி வகுப்பு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நடக்கும். ஜூனிலிருந்து என் மகள் ஒரு வகுப்புக்குக்கூடப் போகவில்லை. அந்த நேரத்தில் அவள் எங்கள் சபையில் வண்ணப்பட அட்டை வாங்கிக்கொண்டிருந்தாள். வகுப்பு நடத்திய சிஸ்டர், இப்படியே போனால் இந்த வருஷம் இந்தப் பிள்ளைக்குப் புதுநன்மை கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஒரு வியாழக்கிழமை பிள்ளையின் அம்மா எனக்குப் போன் செய்தாள்.

"நீங்க இனி ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்" என்றாள். 'நீங்க' என்றதுமே கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "வேணும்னா சனிக்கிழமை வாங்க."

சனிக்கிழமை என்றால் வாரம் முழுக்க ஓடிய எஞ்சின்கள் எல்லாம் என் கொட்டகை வாசலில் வரிசையில் கிடக்கும் நாள். திங்கட்கிழமை விடியலில் தொழிலுக்குப் போக அவை தயாராக வேண்டும். அது அவளுக்கும் தெரியும். நான் போனில் கத்தினேன். அவளும் கத்தினாள். பின்னால் அவளுடைய அண்ணன், "அவன் கோர்ட்டுக்குப் போனாக்கூட ஒண்ணும் கிட்டாதுன்னு சொல்லுட்டி" என்று குரல் கொடுத்தது கேட்டது.

அவர் சொன்னது சரி. அதுதான் தாங்க முடியவில்லை. வக்கீல் கூட்டாளியிடம் மறுபடியும் போனேன். இத்தனை வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் என்னோடுதான் இருந்திருக்கிறாள், அதற்கு மதிப்பே இல்லையா என்றேன். "இருக்கு. ஆனா கடுதாசியில இல்ல" என்றான். அடுத்த மூன்று ஞாயிறுகளை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. சபைக்குப் போனேன், பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எங்கே பெரியவர்களைவிடச் சத்தமாகப் பாடும் உம் மகள் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஆசீர்வாதம் முடிவதற்குள் கிளம்பிவிட்டேன்.

நான்காவது வாரம் நேராக அந்த சிஸ்டரிடமே சண்டைக்குப் போனேன். கோவிலை ஒட்டிய கூடத்தில் பிள்ளைகளின் பெஞ்சுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். குட்டையான மனுஷி. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சிஸ்டர், நீங்க எனக்க ஞாயிற எடுத்துட்டீங்க" என்றேன்.

"உங்க ஞாயிறா? ஆண்டவருக்க ஞாயிறுன்னுல்லா நான் இவ்வளவு நாளும் நெனச்சேன்."

பெஞ்சின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். இரண்டு பேருமாக எல்லா பெஞ்சையும் வரிசையில் போட்டு முடித்தோம்.

"பிள்ளை பூசைக்கு வரணும், கிளாஸுக்கு வரணும்" என்றார் சிஸ்டர். "யாருக்க கையப் பிடிச்சிட்டு வருதுன்னு நான் எப்பமாவது கேட்டனா? அத நீங்களும் பிள்ளைக்க அம்மையும் பேசணும். எனக்கிட்ட என்ன வழக்கு?"

கூடத்தின் வெளியே நின்று அவளுக்குப் போன் செய்தேன்.

"கிளாஸுக்கு நானே கொண்டு வாறேன். காலத்த உங்க வீட்டுல இருந்து கோவிலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன். கிளாஸ் முடியது வரைக்கும் நிக்கேன். பிறகு எனக்க ஊருக்குக் கொண்டு போறேன்."

"பூசை நேரம் எங்க நிப்பீங்க?"

"வெளிய."

"எத்தன வாரத்துக்கு?"

"உனக்கு எத்தன வாரம் வேணும்?"

"சொல்ல எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு வெளியே நின்று பூசை காணும் ஆண்களைத் தெரியும். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே இருப்பார்கள். ஆண்களில் பாதிப்பேர், பிரசங்கம் தொடங்கியதும் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து வெளியே வந்து மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் உள்ள பூவரச மரத்தடியில் குந்துவார்கள். பிரசங்கம் ஒலிபெருக்கியில் வந்துகொண்டே இருக்கும். இவர்கள் மீன்பாடு, காற்று, அடுத்த வீட்டுக்காரன் வாங்கிய வலை எல்லாவற்றையும் பேசி முடிப்பார்கள். சாமியார் பிரசங்கத்தை முடித்ததும் பவ்யமாக உள்ளே போவார்கள். எத்தனை சாமியார்கள் கண்டித்துப் பார்த்தும் இந்தக் கூட்டம் கலைந்ததில்லை. நான் முதல் வாரம் அந்த மரத்தடியில் ஒரு ஓரமாகப் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பிரசங்கம் தொடங்கியது. உள்ளேயிருந்து வந்தவர்களில் முதல் ஆள் அவளுடைய அண்ணன்.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கு! உள்ளே திரும்பிப் போகவும் முடியாது, சாமியார் பார்த்துவிட்டார். மரத்தின் மறுபக்கம் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. மற்றவர்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அங்கே நின்ற ஒவ்வொரு வாரமும், இந்த வாரம் யாராவது நீ யார் இங்கே நிற்க என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம் எனக்கு இருந்தது. கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. என் கைக்குள் என் மகளின் தண்ணீர் பாட்டில் மட்டும்தான் இருக்கும்.

எங்கள் சபை மூப்பருக்கும் விஷயம் போனது. ஒருநாள் வழியில் நிறுத்தினார்.

"உம்ம காலை ஆராதனையில காணல்லியே?"

"பிள்ளைய கோவிலுக்கு விடப் போறேன்."

"எந்தக் கோவிலுக்கு?"

சொன்னேன். அவர் குடையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அவருக்கும் மூன்று பெண் பிள்ளைகள். "சாயங்கால ஆராதனை எதுக்கு வச்சிருக்கு? அதுக்கு வாரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதர்மேல் அதுவரை எனக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை.

மரத்தடியில் ஐந்தாறு வாரம் போயிருக்கும். பிரசங்கம் நீண்டுகொண்டிருந்தது. அண்ணன் கடலைப் பார்த்தபடியே யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: "காலத்த ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது. இழுத்து இழுத்துக் கை போச்சு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பிளக்கு மாத்தினீயளா?" என்றேன்.

"மாத்தினேன்."

"அப்பம் எண்ணெயில தண்ணி சேர்ந்திருக்கும். நாளைக்கு அனுப்பி விடுங்க, பாக்கேன்."

அவர் உட்கார்ந்திருந்த கல்லில் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார். நான் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல நின்றுவிட்டு, ஒலிபெருக்கியில் ஆமென் கேட்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்குள் எல்லோரும் எழுந்து உள்ளே போய்விட்டார்கள். பரவாயில்லை, அடுத்த வாரம் பிரசங்கம் தொடங்கியதுமே உட்கார்ந்துகொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு என் வண்டி ஆளூர் தாண்டி நின்றுவிட்டது. ஊரெல்லாம் எஞ்சின் பார்க்கிறவனின் வண்டி நடுவழியில் நிற்பதைப் பார்த்து இரண்டு பேர் குடைக்குள் இருந்து சிரித்துவிட்டுப் போனார்கள். போனில் சார்ஜ் இல்லை. வண்டியை ஒரு சாயாக்கடையில் தள்ளிவிட்டு, பஸ் பிடித்து, மீதியை நனைந்துகொண்டே நடந்து போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து வகுப்பு பாதி ஆகிவிட்டது. கூடத்தின் வாசலில் அவள் குடையோடு நின்றாள். பிள்ளை உள்ளே பாடம் சொல்லும் சத்தம் கேட்டது.

"வண்டி நின்னுபோச்சு" என்றேன்.

அவள் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. அவளை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததே இல்லை.

"அவ செருப்பும் போட்டுட்டு வாசல்லயே நின்னா. வா மக்களே, நேரமாச்சுன்னு நான் கையப் பிடிச்சு இழுத்தேன். அப்பா வரும், அப்பா வரும்னு ஒரே பிடி." அவள் குடையை மறு கைக்கு மாற்றினாள். "எல்லாரும் சொல்லுவாங்க, ஒருநாள் அவன் பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவான்னு. அதுக்கு நான் ஒருநாளும் பயந்ததில்ல. நீ வராம போயிருவியோன்னுதான் பயந்தேன். நீ இல்லாம இருந்து நான் பழகிட்டேன். அவளுக்கு நான் என்ன சொல்ல?"

மழை எங்கள் இரண்டு பேர் மேலும் பெய்தது. குடை எங்கோ சரிந்து நின்றது. அத்தனை வருஷமும் நான்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். சட்டமும் ஊரும் அண்ணனும் அவள் பக்கம், என் பக்கம் ஒரு தண்ணீர் பாட்டில் என்று எனக்கு நானே இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். கதவின் அந்தப் பக்கத்தில் அவளும் ஒவ்வொரு ஞாயிறு காலையும் வண்டிச் சத்தத்துக்குக் காது வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "வண்டி நாளைக்கே சரி பண்ணிருவேன்" என்று சொன்னேன். மடத்தனமான பதில். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தலையத் துவட்டு மொதல்ல" என்று தன் தோள்துண்டைக் கொடுத்தாள்.

புதுநன்மை ஊர்த் திருவிழாவை ஒட்டி தை மாதம் வைத்தார்கள். பிள்ளைகள் மாதா சிலை இருக்கும் கெபியிலிருந்து கோவிலுக்கு ஊர்வலமாகப் போக வேண்டும். தாய் ஒரு கை, தகப்பன் ஒரு கை. தகப்பன் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குத் தாய்மாமன். என் மகளுக்கும் தாய்மாமன்தான் என்று எப்போதோ முடிவாகியிருந்தது. அதில் எனக்குச் சண்டை இல்லை. நான் அவர்கள் திருச்சபையைச் சேராதவன், அவள் கழுத்தில் தாலி கட்டாதவன். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போய் வழக்கம்போலப் பூவரச மரத்தடியில் நின்றேன். அங்கேயிருந்து பார்த்தால் கெபி நன்றாகத் தெரியும்.

பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். என் மகள் பூமுடியைச் சரிசெய்து சரிசெய்து கோணலாக்கிக்கொண்டிருந்தாள். பட்டுச்சேலையில் அவள் அம்மா ஒரு பக்கம். மறுபக்கம் புதுச் சட்டை போட்ட அண்ணன். பாடகர் குழு பாட்டைத் தொடங்கியது. அப்போது அண்ணன் வரிசையை விட்டு என்னை நோக்கி வந்தார். நொண்டி நொண்டி வந்தார்.

"ஓய், எனக்குக் கால்ல கெளுத்தி முள்ளு குத்திப்போட்டு. நடக்க முடியல்ல. நீரு போய் நில்லும்."

"நானா?"

"பின்ன சாமியாரா? போம் ஓய், வரிசை போகுது."

நான் ஓடினேன். வேட்டி தடுக்கியது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ நான் கொஞ்சம் பிந்தி வந்துவிட்டதுபோல, "பைய நடங்க அப்பா, முடி விழுந்திரும்" என்றாள். அவளுடைய அம்மா நேரே பார்த்துக்கொண்டு நடந்தாள். ஊர் முழுக்க இரண்டு பக்கமும் நின்றது. எங்கள் மூன்று பேரையும் சேர்த்து அந்த ஊர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கோவில் வாசல் வரை போய்த் தயங்கினேன். வாசலில் நின்ற சிஸ்டர் என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். திரும்பிப் பார்த்தால், கெளுத்தி முள் குத்திய அண்ணன் மரத்தடியில் எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டு, இரண்டு காலிலும் நன்றாகவே நின்றுகொண்டிருந்தார்.

பூசை முடிந்து கூடத்தில் காலைச் சாப்பாடு. இட்லி, சாம்பார், கேசரி. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் சாம்பார் கொட்டிவிடாமல் தாய்மார் காவல் காத்தார்கள். நான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். மனம் நிறைந்திருந்தது, கூடவே ஒரு கவலையும் இருந்தது. புதுநன்மை முடிந்துவிட்டது. வகுப்புக்குக் கொண்டு வருகிறேன் என்று சொல்லித்தான் காலையிலேயே அவள் வீட்டு வாசலுக்குப் போனேன். இனி எந்தக் காரணத்தைச் சொல்லிப் போவது?

அவள் சாம்பார் வாளியோடு வந்தாள். கேட்டுவிடலாம் என்று இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். அவளே முந்திக்கொண்டாள்.

"அடுத்த ஞாயிறும் கிளாஸ் உண்டு. இது புதுநன்மையோட முடியதில்ல. பன்னிரண்டாம் கிளாஸ் வரைக்கும் உண்டு. ஒரு ஞாயிறும் விடப்பிடாது. முடியாதுன்னா இப்பமே சொல்லிரு."

மூன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் எத்தனை ஞாயிறுகள் என்று மனம் கணக்குப் போடப் பார்த்தது, முடியவில்லை. அவள் வாளியைப் பிடித்தபடி என் பதிலுக்காக நின்றாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். வாய் நிறைய இட்லி இருந்தது நல்லதாகப் போயிற்று. பேச வேண்டியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் அழுதிருப்பேன்.